ஷார்ஜாவில் உரிமையாளர், உடுமலையில் தோப்பு: 5 ஏக்கர் தென்னையை இன்னொருவருக்காக நிர்வாகம் பண்ணுவது எப்படி?

புதுப்பண்ணையம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. உடுமலைக்கு மேற்கே 5 ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 350 மரம், எல்லாம் நெட்டை ரகம், 20 வயசைத் தாண்டியது. ஒரு கிணறு, ஒரு போர், போரில் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். சொட்டுநீர் போட்டு 6 வருஷம் ஆகுது. சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஒரு குடும்பம் தங்கி வேலை பார்க்குது. உரிமையாளர் எனக்குப் பெரியப்பா மகன். ஷார்ஜாவில் இருக்கார், வருஷத்துக்குப் பத்து நாள் வந்தால் அதிகம். தை மாசத்திலிருந்து நிர்வாகம் என் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக முடியும்.

சொந்தத்துக்குள்ள எழுத்து ஒப்பந்தம் வேணுமா? பணத்தை எப்படிக் கையாளணும்? காய்க் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? அந்த இரண்டு நாளில் எதைப் பார்க்கணும்? இதையே தொழிலாகச் செய்பவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியா இருக்கும்.

---

கணக்குநோட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கட்டாயம் எழுதுங்க. சொந்தம் என்பதால்தான் இன்னும் தெளிவா எழுதணும். பின்னால் மனஸ்தாபம் வந்தால் ஊரில் பேசித் தீர்க்கவாவது ஒரு தாள் இருக்கும்.

அதில் முக்கியமான வரி, இது சம்பள நிர்வாகமா, குத்தகையா, வாரமா (விளைச்சலில் பங்கு) என்பது. சொந்த உடலுழைப்பில் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காக்குது. நினைத்த நேரத்தில் அவரை வெளியேற்ற முடியாது. அது நியாயமான சட்டம், உழுதவனுக்கு வேண்டிய பாதுகாப்பு. ஆனா நீங்க குத்தகைதாரர் இல்லை, சாளையில் இருக்கும் குடும்பமும் இல்லை. அவங்க மாசச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவங்க. அப்படின்னா சம்பளம் மாசாமாசம் வங்கிக் கணக்கு வழியாகப் போகணும், சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கணும். "வீடு இருக்கு, நாலு மரத்துக் காயை எடுத்துக்கோ" என்று வாய்ப்பேச்சில் விடுவதுதான் பத்து வருஷம் கழித்து இரண்டு பக்கமும் வழக்குக்கு அலைய வைக்குது.

வருஷத்துக்கு ஒருமுறை அடங்கலை (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு) எடுத்துப் பாருங்க. பயிர், பரப்பு, சாகுபடி செய்பவர் பெயர் எல்லாம் சரியா இருக்கான்னு கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யணும். வில்லங்கச் சான்றும் வருஷம் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் நிலத்தில் யாராவது பத்திரம் போட்டிருந்தால் அதில் தெரிஞ்சிடும். கிஸ்தி (நிலவரி) ரசீதை ஒரு வருஷம்கூட விடாதீங்க.

அதிகாரப் பத்திரம்: அவர் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். இங்கே வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிடணும். தோட்ட வேலை, மின்வாரியம், வேளாண்மைத் துறை, விளைபொருள் விற்பனை, காப்பீடு என்று பெயர் சொல்லி எழுதுங்க. நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ உள்ள அதிகாரத்தை நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க. அது உங்க பாதுகாப்புக்கும்தான்.

இன்னொன்று, பட்டாவும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்குன்னு பாருங்க. பல தோப்புகளில் இரண்டும் காலமான அப்பா பெயரிலேயே நிற்குது. சொட்டுநீர் மானியமோ காப்பீடோ கேட்கும் நாளில்தான் அது தடையா வந்து நிற்கும்.

---

வரப்போரம் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதுக்குங்க? வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை பேசி வியாபாரிகிட்டக் காய்க் குத்தகைக்கு விட்டுட்டா உரிமையாளருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. உரம், தண்ணி, வெட்டு எல்லாம் அவர் பாடு.

---

நாட்டுத்தென்னை எழுதியது:

வரப்போரம், அந்த யோசனையில்தான் பல நல்ல தோப்புகள் கெட்டுப்போச்சு. காரணம் தென்னையின் கணக்கு. பாளை வெடிச்சதிலிருந்து காய் முத்த 12 மாசம் ஆகும். அந்தப் பாளையே மரத்துக்குள்ள உருவாக அதுக்கு முன்னால் இன்னும் அதிக காலம் பிடிக்கும். இந்த வருஷம் உரமே போடலைன்னாலும் இந்த வருஷம் காய் வரும். இந்தக் கோடையில் தண்ணி குறைஞ்சா குரும்பை (பிஞ்சுக் காய்) உதிரும், ஆனா வெட்டில் அது அடுத்த வருஷம்தான் தெரியும். இரண்டு வருஷக் குத்தகைக்காரர் ஒரு பிடி உரம் போடாமல் காயை எடுத்துட்டுப் போயிடலாம். மரம் இளைத்துப்போனது மூணாவது வருஷம் வருபவர் தலையில் விழும்.

புதுப்பண்ணையம், நீங்களும் உங்க பெரியப்பா மகனும் பிடிச்சுக்க வேண்டிய விஷயம் இதுதான். தை மாசம் நீங்க ஏற்கிறீங்க. அதிலிருந்து முதல் ஒரு வருஷத்துக் காய் உங்களுக்கு முன்னால் இருந்தவருடைய வேலை. அது நல்லா இருந்தாலும் மோசமா இருந்தாலும் உங்களை எடை போட உதவாது. அதனால் மாசாமாசம் அவருக்கு அனுப்ப வேண்டியது காய்க் கணக்கு மட்டும் இல்லை, வேலைக் கணக்கு. எத்தனை மணி நேரம் தண்ணி போச்சு, எத்தனை மரத்துக்கு எத்தனை கிலோ உரம் விழுந்தது, எத்தனை மரத்தின் கொண்டையை (உச்சி) பூச்சிக்காகப் பார்த்தாச்சு என்று. இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்க.

உரக் கணக்கு: வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கும் நெட்டை மரம் ஒன்றுக்கு வருஷத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ. ரசாயன உரத்தை ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி. உங்க 350 மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 455 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை பத்து. சூப்பர் 700 கிலோ, பொட்டாஷ் 700 கிலோ, 50 கிலோ மூட்டையில் தலா 14. புண்ணாக்கு 1,750 கிலோ. நீங்க ஏற்கும் நேரமே ஒரு தவணை உரம் வைக்கும் காலம், முன்கூட்டியே வாங்கி வைங்க.

மண் பரிசோதனை செய்து அளவைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். ஆனா செய்யும் வரை இதை விடக் குறைக்காதீங்க. பணம் தட்டுப்பட்டால் எல்லாரும் முதலில் விடுவது பொட்டாஷ்தான். தென்னை அதிகம் கேட்பதும் அதைத்தான்.

---

தோட்டத்தாள் எழுதியது:

உரம் வாங்கினது சரிங்க, மரத்துக்குப் போச்சான்னு எப்படித் தெரியும்? இங்கதான் தப்பு நடக்குது, அதுவும் பெரும்பாலும் தெரியாம நடக்குது.

வேலையாள் கையில் ஒரு மக்கைக் கொடுத்து "மரத்துக்கு ஒரு மக்கு" என்பாங்க. யூரியா லேசு. ஒரு லிட்டர் மக்கில் முக்கால் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். பொட்டாஷும் சூப்பரும் அதே மக்கில் ஒரு கிலோவுக்குக் குறையாது. மூணுக்கும் ஒரே மக்குன்னா மூணுமே தப்பாப் போகும். மூணு தனித்தனி டப்பா எடுங்க. கடைத் தராசில் யூரியா 650 கிராம், சூப்பர் 1 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ நிறுத்து அந்தந்த டப்பாவில் கொட்டுங்க. கொட்டின மட்டத்தில் சுத்திலும் கத்தியால் கோடு கிழிச்சு, கோட்டுக்கு மேல இருக்கறதை அறுத்து எடுத்துடுங்க. தலை தட்டி ஒரு டப்பான்னா அளவு சரி. பெயின்டில் யூ, சூ, பொ என்று எழுதி விடுங்க.

அடுத்தது, மொத்த மூட்டையையும் கிடங்கில் அடுக்காதீங்க. ஒரு வரிசைக்கு 25 மரம்னா ஒரு வரிசைக்குப் பொட்டாஷ் 25 கிலோ, அரை மூட்டை. இரண்டு வரிசைக்கு ஒரு மூட்டைன்னு வரிசைத் தலையில் இறக்கி வைங்க. வரிசை முடியும்போது மூட்டையும் முடியணும். மீதி இருந்தாலும் பத்தாமப் போனாலும் எந்த வரிசையில் தப்புன்னு அப்பவே பிடிபடும்.

வட்டப்பாத்தி மரத்திலிருந்து 1.8 மீட்டர், ஆறடி. உரத்தை அடிமரத்தோட ஒட்டிக் கொட்டக் கூடாது. சொட்டுநீர்த் தோப்பில் ஈரம் சொட்டுவானில் (தண்ணி சொட்டும் முனை) இருந்து தண்ணி விழும் இடத்தில்தான் இருக்கும், உரமும் அங்கதான் விழணும். காஞ்ச மண்ணில் போட்டா மழை வரைக்கும் அப்படியே கிடக்கும். சொட்டுநீர் வழியாவே யூரியா, பொட்டாஷ் விடலாம். சூப்பரை மட்டும் விடாதீங்க. கரையாது, சொட்டுவானை அடைச்சிடும்.

உரக்கடையில் ஆதார் எண்ணும் கைரேகையும் கேட்பாங்க. உரிமையாளர் இல்லாததால உங்க பேரில்தான் பில் வரும். அந்தச் சீட்டை எடுத்து நோட்டில் ஒட்டிடுங்க.

---

மடைக்காரர் எழுதியது:

தண்ணீர் பற்றி. சொட்டுநீரில் வளர்ந்த மரத்துக்கு மாசி முதல் வைகாசி வரை நாளுக்கு 65 லிட்டர், தை, ஆவணி, புரட்டாசியில் 55, மற்ற மாசங்களில் 45 லிட்டர் என்று ஒரு சுமாரான கணக்கு வச்சுக்கலாம். மழை பெய்தால் அதுக்கேற்பக் குறைக்கணும். மரத்துக்கு 8 லிட்டர் சொட்டுவான் நாலு இருந்தால் மணிக்கு 32 லிட்டர். 65 லிட்டருக்கு 2 மணி நேரம். 350 மரத்தையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 11,200 லிட்டர் கேட்கும். உங்க போர் அவ்வளவு கொடுக்குமான்னு பாருங்க. 175 மரமா இரண்டு வால்வாகப் பிரிச்சா மணிக்கு 5,600 லிட்டர் போதும், மொத்தம் 4 மணி நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் அது அடங்கணும்.

இது காகிதக் கணக்கு. சொட்டுநீர் போட்டு 6 வருஷம்னு சொன்னீங்க, அங்கேதான் எனக்குக் கவலை. 8 லிட்டர் சொட்டுவான் உண்மையில் 8 லிட்டர் விடுதான்னு அளங்க. ஒரு கிண்ணத்தை அடியில் வச்சு 6 நிமிஷம் பிடிங்க, 800 மில்லி வரணும். வால்வுக்குப் பக்கத்து மரம், நடு மரம், கடைசி மரம் என்று ஒவ்வொரு பகுதியிலும் மூணு இடம் பாருங்க. கடைசி மரத்தில் 500 மில்லிதான் வந்தா அந்த மரத்துக்கு 2 மணி நேரம் போதாது. நோட்டில் "2 மணி நேரம்" என்று எழுதியிருக்கும், மரம் காஞ்சுட்டு நிற்கும்.

அடைப்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வடிகட்டி. முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவைத் தாண்டினால் கழுவணும். ஓட்டையான வலையைக் கழுவி மறுபடி மாட்டிப் பயனில்லை, மாத்திடணும். இரண்டு, உப்பு. இங்கே போர்த் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், சொட்டுவான் வாயில் வெள்ளையாப் படியும். அமிலச் சிகிச்சைதான் வழி. அமிலத்தைத் தண்ணியில் ஊத்தணும், தண்ணியை அமிலத்தில் ஊத்தவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அதில் இறக்காதீங்க. பக்கக் குழாய்களின் கடைசி மூடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து, கலங்கல் போய்த் தெளிஞ்ச தண்ணி வரும் வரை விடணும்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனத்தில் வரும் நிலமா இருந்தால் உங்க மண்டலத்துக்கு எப்போது திறப்புன்னு பாசன சபையில் விசாரிச்சு வைங்க. முறைத் தண்ணி ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் மடையில் ஆள் நிற்கணும். உரிமையாளர் ஊரில் இல்லாத நிலத்தின் முறைதான் சத்தமில்லாமல் பக்கத்துக்குப் போகும்.

---

புதுப்பண்ணையம் எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். உரிமையாளர் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கித் தர்றேன்கிறார். அங்கே இருந்தே மோட்டாரை ஓட்டிப் பார்க்கணும்கிறார். சரியா வருமா?

---

மடைக்காரர் எழுதியது:

ஸ்டார்ட்டர் நல்ல பொருள். ஆனா ஓட்டும் உரிமை ஒருத்தர் கையில்தான் இருக்கணும், அது தோட்டத்தில் இருப்பவர் கை. ஷார்ஜாவில் இருந்து பொத்தானை அழுத்தும் நேரத்தில் இங்கே குழாய் கழட்டிக் கிடக்கலாம், ஒருத்தர் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வச்சிருக்கலாம், கிணத்துக்குள்ள ஆள் இறங்கியிருக்கலாம். உயிர் போகும் விஷயம்ங்க இது. மோட்டார் ஓடுது, நின்னுச்சு என்ற செய்தி மட்டும் அவருக்குப் போகட்டும். ஓடின நேரம் தானாகப் பதிவாகும், அதுவே அவருக்குப் போதும். வேலை செய்யும்போது பெட்டியின் மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, வேலை பார்ப்பவரே பையில் போட்டுக்கணும்.

அதோட ஒரு முனை மின்சாரம் போனால் மோட்டாரை நிறுத்தும் ஒற்றைமுனைத் தடுப்பானும், தண்ணியில்லாமல் ஓடினால் நிறுத்தும் ரிலேயும் கண்டிப்பா வேணும். சில இடங்களில் ஒரு முனை இல்லாத நேரத்தில் கன்டென்சரைப் போட்டு இரண்டு முனையில் மும்முனை மோட்டாரை ஓட்டுவாங்க. அன்னைக்குத் தண்ணி வரும், மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று) சீக்கிரம் கருகும். இதைச் செய்யக் கூடாதுன்னு பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்க.

ஆம்ப் மீட்டர் அளவைத் தினம் ஒருமுறை நோட்டில் எழுதச் சொல்லுங்க. பெயர்ப்பலகை அளவை விடக் கூடிக்கொண்டே போனால் பேரிங் தேய்மானமோ மணல் இறுக்கமோ. வழக்கத்தை விடக் குறைஞ்சா போரில் தண்ணி கீழே போயிருக்கு. மோட்டார் கருகுவதற்குச் சில நாள் முன்னாடியே அந்த எண் பேச ஆரம்பிச்சிடும்.

இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். சாளைக்குத் தனி இணைப்பு இருக்கான்னு பாருங்க. மோட்டார் பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒயர் போயிருந்தால் அதிகாரிகள் வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான்.

---

கணக்குநோட்டு எழுதியது:

பணம் பற்றி. உரிமையாளர் பெயரில் தோட்டத்துக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கு. காய் விற்ற பணம் முழுசும் அதில் விழணும், உங்க சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. அதிலிருந்து உங்களிடம் ஒரு நிலைத்த முன்பணம், இந்த அளவுத் தோப்புக்கு 15,000 வைத்தால் நடக்கும். செலவுச் சீட்டு அனுப்பினதும் செலவான அளவு மட்டும் மறுபடி நிரப்பணும். எந்த நாள் பார்த்தாலும் கையிருப்பும் சீட்டும் கூட்டினால் 15,000 வரணும். இப்படி இருந்தால் மாசக்கடைசியில் உட்கார்ந்து ஞாபகப்படுத்திக் கணக்கெழுத வேண்டியதில்லை.

சீட்டு இல்லாத செலவு நிறைய வரும். வெட்டுக்கூலி, டீ, வண்டி வாடகை எல்லாம் அப்படித்தான். அதுக்கு ஒரு கைச்சீட்டுப் புத்தகம் வச்சு, வாங்கினவர் கையெழுத்து, தேதி, எந்த வேலை என்று எழுதுங்க.

அவசரச் செலவுக்கு ஒரு வரம்பை இப்பவே ஒப்பந்தத்தில் போட்டுக்குங்க. மோட்டார் கழட்டி ஏற்ற, காயில் கட்ட எவ்வளவு ஆகும்னு உங்க ஊர் மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகை வரைக்கும் கேட்காமல் செலவழிக்கலாம், அன்னைக்கே தகவல் சொல்லணும் என்று எழுதுங்க. சித்திரையில் மோட்டார் நின்னு, அவர் போன் எடுக்கக் காத்திருந்து, மூணு இடத்தில் விலை கேட்டு, பத்து நாள் தண்ணி இல்லாமப் போனால் அந்தக் குரும்பை உதிர்வின் நஷ்டம் காயில் கட்டுகிற செலவை விட அதிகம்.

---

குளத்துமேடு எழுதியது:

காய்க் கணக்கு பற்றி யாரும் சொல்லலை, நான் சொல்றேன்.

வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 8 வெட்டு. மரத்துக்கு வருஷம் 100 காய்ன்னு வைத்தால் வெட்டுக்குச் சராசரி 12, 13. உங்க 350 மரத்துக்கு 4,400-ஐ ஒட்டி வரணும். ஆனா இது எல்லா வெட்டிலும் ஒரே மாதிரி வராது. கோடை வெட்டு கூடும், மழைக்காலத்துக்குப் பிறகு வரும் வெட்டு நல்லாவே குறையும். போன வெட்டோட ஒப்பிட்டு ஆளைச் சந்தேகப்படாதீங்க. போன வருஷம் இதே மாச வெட்டோட ஒப்பிடுங்க.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் சரிபார்க்க ஒரு வழி: தோப்பில் அங்கங்கே பத்து மரத்துக்கு எண் அடிங்க. வெட்டுக்கு முந்தின நாள் அந்தப் பத்து மரத்தில் முத்தின குலையில் எத்தனை காய்னு கீழிருந்து எண்ணி எழுதிக்குங்க. பத்து மரத்தில் 130 என்றால் 350 மரத்துக்கு 4,550. உண்மையான எண்ணிக்கை பத்து சதவீதம் முன்னபின்ன இருந்தால் சரி. அதுக்கு மேல குறைஞ்சா, வெட்டின மறுநாள் அதே மரங்களில் புதுசா வெட்டின காம்பை எண்ணிப் பாருங்க. காம்பு இருந்து காய் இல்லைன்னா களத்துக்கு வருமுன் போயிருக்கு. காம்பே இல்லைன்னா வெட்டுக்காரர் மரத்தை விட்டுட்டார்.

வெட்டின காயை அன்னைக்கே எண்ணணும், உரிக்கும் முன்னாடி. உரிச்ச பிறகு எடையில் விற்பதானால் ஏற்றுமுன் காலி வண்டியையும், ஏற்றின பின் அதே எடைமேடையில் நிறைவண்டியையும் போட்டு இரண்டு சீட்டும் வாங்குங்க. உரித்த காய் சராசரி அரைக் கிலோ என்றால் டன்னுக்கு 2,000 காய். உங்க எண்ணிக்கையும் எடையும் இதோட பொருந்தணும். டன்னுக்கு 2,400 காய் வேண்டியிருந்தா ஒன்று காய் சிறுத்திருக்கு, இல்லை எடையில் கோளாறு. காய் சிறுத்திருந்தால் முதலில் தண்ணியையும் பொட்டாஷையும் பாருங்க.

விலை பேசும்போதே வெட்டுக்கூலி, உரிப்புக்கூலி, ஏற்றுக்கூலி யார் தருவது, கழிவுக்காய்க்கு எவ்வளவு தள்ளுபடி என்பதைப் பேசிடுங்க. குறைஞ்சது இரண்டு வியாபாரியிடம் கேட்டு, இரண்டு விலையையும் உரிமையாளருக்கு அனுப்பி, பிறகு கொடுங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலவிலையையும் சேர்த்து அனுப்பினால் பின்னாடி கேள்வி வராது. கொப்பரை போட்டால் லாபம்னு யாராவது சொல்வாங்க. கொப்பரைக்குக் களத்தில் தினம் ஆள் வேணும், அரசு கொள்முதலுக்கு ஈரம் 6 சதவீதத்துக்குள் வரணும். வாரத்தில் இரண்டு நாள் போகும் நிர்வாகத்துக்கு அது பொருந்தாது. பச்சையாகவே கொடுத்திடுங்க.

---

நாட்டுத்தென்னை எழுதியது:

குளத்துமேடு சொன்ன பத்து மரத்தையே பூச்சி பார்க்கவும் வச்சுக்கலாம். ஆனா அதை விட முக்கியமான ஒன்று, தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்குப் போட்டோ அனுப்பும் பழக்கம். அது இன்னைக்கு எல்லாத் தோப்பிலும் இருக்கு, மரத்துக்குக் கெடுதலும் செய்யுது.

போட்டோவில் தோப்பு சுத்தமாத் தெரியணும்னு பச்சை மட்டையைக் கழிச்சு, அடியோட ஒட்ட வெட்டிடறாங்க. அந்தப் புது வெட்டுக்காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டவே வேண்டாம். வெட்டியே ஆகணும்னா தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், நாலடி விட்டு வெட்டணும். தரையில் மட்டை கிடந்தா அழகில்லைன்னு கொளுத்தறாங்க. பாத்தியில் 15 காய்ந்த மட்டை பரப்பலாம், இல்லைன்னா 100 உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலே வச்சு அடுக்கலாம். ஈரம் காப்பது அதுதான். உரிமையாளருக்கு இதை முதலிலேயே சொல்லிடுங்க: நல்ல தோப்பின் தரை மூடியிருக்கும்.

போட்டோ எடுக்கறதானா இப்படி எடுங்க. எண் அடிச்ச பத்து மரத்தின் கொண்டை, மாசம் ஒருமுறை, அதே இடத்தில் நின்னு. விசிறி போல முக்கோண வெட்டு விழுந்த ஓலை இருந்தால் காண்டாமிருக வண்டு. குருத்துக்குப் பக்கத்து மூணு மட்டை இடுக்கில் நாப்தலீன் உருண்டை ஒவ்வொன்று வச்சு மணலால் மூடணும், 45 நாளுக்கு ஒருமுறை. வெட்டோட வெட்டா ஏறும் ஆளிடமே கொடுத்துடலாம். தண்டில் ஓட்டை, பழுப்புச் சாறு, மென்ற நார் தெரிஞ்சா கூன்வண்டு. அது அன்னைக்கே பார்க்க வேண்டியது.

ஓலை கறுத்துப்போன படத்தைப் பார்த்துப் பதறி "மருந்தடி" என்பார் உரிமையாளர். அது 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் வந்த சுருள் வெள்ளை ஈயின் எச்சத்தில் வளரும் கரும்பூஞ்சணம். பூச்சிக்கொல்லி அடிச்சா அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணிதான் முதலில் சாகும், ஈ இன்னும் பெருகும். ஏக்கருக்கு 8 மஞ்சள் ஒட்டுப்பொறி, விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்க. ஓலை அடியில் தண்ணியைப் பீய்ச்சுங்க. கறுப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை கரைச்சு அடிச்சா காஞ்சு உரிஞ்சு விழும்.

ஓலை தொங்கி, விலா எலும்பு போல உள்வளைஞ்சு, மஞ்சளாகி, ஓரம் கருகினால் கேரள வேர்வாடலா இருக்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பரவிட்டு இருக்கு. மருந்து கிடையாது. தோட்டக்கலைத் துறைக்குத் தகவல் சொல்லி, காய்ப்பே போன மரத்தை அகற்றத்தான் வேணும். மரத்தை வெட்டும் முடிவை மட்டும் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எடுக்காதீங்க. படம், தேதி, மர எண் மூணும் கோப்பில் இருக்கட்டும்.

---

தோட்டத்தாள் எழுதியது:

சாளையில் இருக்கற குடும்பத்தைப் பத்தி இரண்டு வார்த்தைங்க. தோப்பைக் காப்பாத்தறது கடைசியில் அவங்கதான்.

நீங்க வாரத்தில் இரண்டு நாள், உரிமையாளர் போனில் ஏழு நாள். அவர் நேரா அவங்களுக்குப் போன் போட்டு ஒண்ணு சொல்லுவார், நீங்க வேற ஒண்ணு சொல்லுவீங்க. இரண்டு பேர் பேச்சைக் கேட்கும் ஆள் எதையும் செய்ய மாட்டார். வேலை சொல்வது நீங்க மட்டும்னு உரிமையாளர் வாயாலேயே அவங்க முன்னாடி சொல்ல வைங்க.

ஊக்கத்தொகை கொடுப்பதா இருந்தால் காய் எண்ணிக்கைக்குக் கொடுக்காதீங்க. அது அவங்க கையில் இல்லை, முத்தாத காயையும் வெட்டச் சொல்லும். சொட்டுவான் அளவு சரியா இருக்கிற மாசம், வருஷம் முழுக்கக் கூன்வண்டுக்கு ஒரு மரம்கூடப் போகலை என்றால், இப்படி அவங்க கையால் ஆகற வேலைக்குக் கொடுங்க.

மாடு வச்சுக்கலாமான்னு கேட்பாங்க. தாராளமா விடுங்க. 350 மரத்துக்கு 50 கிலோன்னா பதினேழரை டன் தொழு உரம், விலைக்கு வாங்கிக் கட்டாது. ஆனா எத்தனை உருப்படி, சாணி தோப்புக்கே என்பதை முதலிலேயே பேசிக்கணும். சாணிக் குழியைச் சும்மா விட்டால் காண்டாமிருக வண்டின் புழு அதுலதான் வளரும், வெள்ளையா விரல் தடிமனில் சுருண்டு கிடக்கும். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை கிளறிப் பொறுக்கணும், புழுவை அழிக்கும் மெட்டாரைசியம் பூஞ்சணம் கலந்து விடணும். ஆடு மட்டும் வேண்டாம். சொட்டுக்குழாயை இழுக்கும், புதுசா வைக்கிற தென்னம்பிள்ளையைக் கடிச்சிடும்.

கக்கூஸ், குடிதண்ணி, கூரை மூணும் ஒழுங்கா இருக்கான்னு முதல் நாளே பாருங்க. ஒழுகற சாளையில் நல்ல ஆள் நிற்க மாட்டாங்க.

---

புதுப்பண்ணையம் எழுதியது:

ஒவ்வொன்றையும் எழுதி வச்சுக்கிட்டேன். கடைசியா இரண்டு கேள்வி. காப்பீடு எது எடுக்கணும்? பழைய நிர்வாகியிடம் இருந்து ஏற்கும்போது என்னென்ன வாங்கிக்கணும்?

---

கணக்குநோட்டு எழுதியது:

மரத்துக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை காப்பீடு. 16 முதல் 60 வயசு மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய், அதில் 75 சதவீதம் மானியம், நீங்க கட்டுவது மூன்றரை ரூபாய். 350 மரத்துக்கு 1,225 ரூபாய். மரத்துக்கு 1,750 ரூபாய் காப்பு. இதை எடுக்காமல் இருக்கக் காரணமே இல்லை. மரம் ஏறுபவருக்கு வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு இருக்கு. வெட்டுக்கு வருபவரிடம் அது நடப்பில் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா நீங்களே எடுத்துக் கொடுங்க. மின்கம்பிக்குப் பக்கத்து மரங்களைத் தனியாகக் குறிச்சு வைங்க. அங்கே இரும்பு, அலுமினிய அலக்கு (காய் பறிக்கும் நீளக் கழி) கூடவே கூடாது. லைன்மேனுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தின பிறகுதான் வெட்டு.

ஏற்கும் நாளில் உரிமையாளரை வீடியோவில் வைத்து, பழைய நிர்வாகியோடு தோப்பை ஒரு சுற்று நடங்க. மரத்தை வரிசை வரிசையா எண்ணுங்க, 350 என்பது 338 ஆகவும் இருக்கலாம். பொழிக்கல் (எல்லைக் கல்) நாலு மூலையிலும் புலப்படத்தோட (நில அளவை வரைபடம்) ஒத்திருக்கான்னு பாருங்க. மின் இணைப்பு எண், போர் ஆழம், மோட்டார் எத்தனை அடியில் தொங்குது, காயில் கடைசியா எப்போ கட்டினது, சொட்டுநீர்ப் படம், வால்வு எங்கெங்கே புதைஞ்சிருக்கு, இதெல்லாம் எழுத்தில் வாங்கிக்குங்க. வியாபாரியிடம் நிலுவை, வேலையாளுக்குக் கொடுத்த முன்பணம் இரண்டையும் மூணு பேரும் கையெழுத்துப் போட்டு முடிங்க.

---

மடைக்காரர் எழுதியது:

மோட்டார் எத்தனை அடியில்னு அவருக்குத் தெரியலைன்னா, கடைசியா கழட்டி ஏற்றின மெக்கானிக் பேரையாவது வாங்கிடுங்க. குழாய் எத்தனை லென்த் இறக்கினார்னு அவர் நோட்டில் இருக்கும். ஒரு லென்த் 10 அடியா 20 அடியான்னும் சேர்த்துக் கேளுங்க.